இமைமயிர்

கொமோடோ தீவுப் பள்ளியிலிருந்து வந்த உறையை
பாண்டுங்கில், மழை விடாத ஒரு செவ்வாயன்று பிரித்தேன்.
காய்ந்த கணவாயின் வாடை.
உள்ளே என் டிராகன் புத்தகம்,
பென்சில் திருத்தங்களோடு திரும்பி வந்திருந்தது.

"வெனிங் அம்மாவுக்கு நன்றி" என்று தொடங்கியிருந்தார்
ஆசிரியர் அபாஸ்.
பிள்ளைகள் ஆசையாகப் படித்தார்களாம்.
சில சந்தேகங்கள் உண்டாம்.

மூன்றாம் பக்கம், மலையுச்சியில் என் டிராகன் தீ உமிழ்கிறது.
ஓரத்தில் சஹாருனா, வயது ஒன்பது:
"காலையில் அதன் உடம்பு சில்லென்று இருக்கும்.
வெயிலில் கிடந்து கிடந்து
ஒன்பது மணிக்குத்தான் காலையே எடுத்து வைக்கும்.
இதற்கு நெருப்பு ஏது?"

ஆறாம் பக்கத்து இறக்கைகளை
யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள்.
காகிதம் தேய்ந்து
மறுபக்கத்து நிலா தெரிந்தது.

ஒன்பதாம் பக்கம்,
தாய் டிராகன் குட்டிக்குப் போர்வை போர்த்துகிறது.
எல்லோரும் பாராட்டிய பக்கம்.
ருஸ்லின் எழுதுகிறான்:
"குட்டி மரத்தில் இருக்கும்.
இறங்கினால் பெரியது தின்றுவிடும்.
தன் பிள்ளையா என்று பார்க்காது.
போர்வை வேண்டாம். மரம் வரையவும்."

வரையவும்.
பதினாறு வருடத்தில் எந்தப் பதிப்பாளரும்
இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பதின்மூன்றில் ஒரு பையன்
டிராகன் மேல் சவாரி போகிறான், கைகளை விரித்து.
அவன் இடது கெண்டைக்காலில்
சிவப்புப் பேனாவால் தையல் போடப்பட்டிருக்கிறது.
எண்ணினேன், பதினொன்று.
கீழே ஒரு சொல்லும் இல்லை.

கடைசியில் அது அழுது மன்னிப்புக் கேட்கும், ஊர் விருந்து வைக்கும்.
"இது ஏன் அழுகிறது?"
நூர்பயா, இரண்டாம் வகுப்பு, கோணல் எழுத்து.
"மீன் வாசத்துக்கு வீட்டடிக்கு வரும். ஆட்டைப் பிடிக்கும்.
கெட்டது இல்லை. பசி.
அது நம் கூடப்பிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள்.
ஆனால் முதுகைக் காட்டக் கூடாது."
பிறகு வேறு மையில், அவசரமாக:
"கண்ணுக்கு மேலே இருக்கிற மயிர் என்ன?"

இமைமயிர், நூர்பயா.
நான்தான் வைத்தேன்,
கண்ணுக்கு ஆறாக, நுனி சுருட்டி.
எதற்கும் இமைமயிர் வைத்துவிட்டால்
அது யாரையும் கடிக்காது என்று
எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை.
ஓநாய்க்கு வைத்திருக்கிறேன், முதலைக்கும்.
ஒருமுறை எரிமலைக்கு.

அடுத்த பதிப்பில் மாற்றலாமா என்று பதிப்பாளரைக் கேட்டேன்.
"குழந்தைகள் பயந்துவிடுமே" என்றார்.
எந்தக் குழந்தைகள் என்று வாயெடுப்பதற்குள்
அட்டையின் மஞ்சளுக்குப் போய்விட்டார்.

ஆக, போர்வை இருக்கிறது. இமைமயிரும்.
ஒன்பதாம் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே மட்டும்
ஒரு புளியமரம் நட்டிருக்கிறேன்.
கிளைக்கவட்டில், சுண்டுவிரல் நகமளவு,
பிளந்த நாக்கோடு ஒரு குட்டி
கீழே பார்த்தபடி
விழித்திருக்கிறது.

தூங்கவைக்க வாசிக்கிறவர்கள்
கவனிக்கமாட்டார்கள்.