கடுகுப் புட்டியில் பத்து சாந்தீம்

பெசான்சோனில் ஓடும் ஆற்றின் பெயரை எழுத
ஐந்து எழுத்து வேண்டும்.
வாயைத் திறந்தால் வருவது ஒன்றுதான்: தூ.
வந்த அன்றே பாலத்தில் நின்று சொல்லிப் பார்த்தேன்.
துப்புகிறேன் என்று நினைத்து
நாயோடு வந்த ஒருவர் விலகி நடந்தார்.

ஜூலை. ஆறு வாரம்.
பல்கலைக்கழகம் எங்களைப் பெட்டியோடு
வீடுவீடாகப் பங்கிட்டது.
யாதிராவுக்கு ஒரு தோட்டமும் செவிட்டுப் பூனையும்.
தோர்பியோர்னுக்கு பியானோவுக்கு அடியில் ஒரு மெத்தை.
எனக்கு மூன்றாவது மாடி,
இரவெல்லாம் மருத்துவமனையில் விழித்திருக்கும் ஒதில்,
அவள் மகன் மாயேல்.
அவனிடம் ஏழு வயது இருக்கிறது.
அப்படித்தான் சொல்ல வேண்டுமாம் இங்கே;
பசியும் இருக்கிறது, தூக்கமும் இருக்கிறது,
பையில் கிடக்கும் சாவி மாதிரி.
எனக்கோ பசி வரும், போகும்.

அவன் ஒரு சட்டம் போட்டான்:
பால் மாறினால் பத்து சாந்தீம்.
காலிக் கடுகுப் புட்டி, மூடியில் ஆணியால் கீறிய துளை.

கல்லையும் கடலையும் 'அது' என்று சொல்லியே
வளர்ந்த நாக்கு இது.
கத்தி ஆண், முள்கரண்டி பெண் என்று
அதற்கு யார் சொன்னார்கள்?
மேசை, ஜன்னல், வியாழக்கிழமை,
என் சொந்தக் கைக்குட்டைகூட
அஃறிணையிலிருந்து எழுந்து நின்று முறைத்தது.
முதல் வாரம் மட்டும் மூன்று யூரோ இருபது.

காலையில் பெரின் வகுப்பு.
பலகையில் இரண்டு இறந்தகாலம் எழுதினாள்.
ஒன்று முடிந்துவிடும்: கதவைச் சாத்தினான்.
இன்னொன்றுக்கு ஓரம் கிடையாது:
மழை பெய்துகொண்டிருந்தது.
எடுத்துக்காட்டு கேட்டாள். யாதிரா சொன்னதற்கு
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்குப் புரிவதற்குள் மணி அடித்துவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் ஒரு நீல சைக்கிள்.
பூட்டியிருக்கும். இரண்டு டயரும் சப்பை.
இருக்கை ஒதிலுக்கும் எட்டாத உயரத்தில்.
ரொட்டி வாங்கப் போகையில்,
பேச ஏதாவது வேண்டுமே என்று,
உன் அப்பா வேகமாக ஓட்டுகிறாரா என்று கேட்டேன்.

'ரூல்' என்றேன் நான்.
'ரூலே' என்றான் மாயேல்.

அவ்வளவுதான். ஒரு நெடில்.
எழுதினால் அதன் வாலில்
யாரும் உச்சரிக்காத எழுத்து ஒன்று நிற்கும்.

பழக்கத்தில் பத்து சாந்தீமை எடுத்து நீட்டினேன்.
அவன் வாங்கவில்லை.
"அது பால் இல்லை, காலம்.
காலத்துக்குக் காசு கிடையாது" என்று
எனக்கு முன்னால் படியிறங்கிப் போனான்,
இரண்டிரண்டு படியாக.

செத்தாரா, பிரிந்தாரா,
அந்த வினைமுற்று சொல்லாது.
ஒதிலும் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை; அதற்கு வேண்டிய இலக்கணம்
நான்காவது வாரத்தில்தான் வரும்.

இரவு, படுத்துக்கொண்டே,
அதைத் தமிழில் போட்டுப் பார்த்தேன்.
அப்பா வேகமாக ஓட்டுவார்.
வேறு எப்படியும் வரவில்லை.
வழக்கமாய் நடந்ததைச் சொல்ல
எங்களுக்குக் கைகொடுப்பது எதிர்காலம்.
ஓட்டுவார்: அப்போதெல்லாம். ஓட்டுவார்: நாளைக்கு.
பெரின் பார்த்தால் சிவப்பில் சுழித்திருப்பாள்.
கீழே நீல சைக்கிள்
எதையும் கேட்காமல் சாய்ந்து நின்றது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி தேர்வு. சுமார்தான்.
மறுநாள் புட்டியைக் கவிழ்த்து எண்ணினோம்:
பதினோரு யூரோ நாற்பது.
சதுக்கத்துக்குப் போனோம், ஐஸ்கிரீம் சாப்பிட.
நீயே கேள் என்று என்னை முன்னால் தள்ளினான்.
பின்னால் வரிசை. முன்னால்
கரண்டியோடு காத்திருக்கும் பெண்.
இரவே ஒத்திகை பார்த்த வாக்கியம்.
'அன் க்ளாஸ்' என்று தொடங்கினேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது, பிஸ்தாவை அள்ளினாள்.
கீழே இருந்து ஒரு குரல்: 'யூன்'.
குனிந்தேன்.
உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டிருந்தான்.