மட்டக்கோடு

சிந்துபூந்துறை வீட்டின் படங்கள் பதினொன்று
ராத்திரி வாட்ஸப்பில் வந்து விழுந்தன.
காலி அறைகள். ஒன்றில் மட்டும்
மூலையில் துடைப்பம் சாய்ந்திருக்கிறது.
கூடவே மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் குரல்:
"நல்லா புழங்குற வீடு மாதிரி ஆக்கு தாயி.
ஹாலுக்கு சோபா போடு.
சுவத்துல அந்தக் கோடு தெரியப்படாது."

படத்துக்கு நானூறு ரூபாய்.
பெருமாள்புரம் மாடியறையில்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி
இருநூறு வீடுகளுக்கு சோபா போட்டிருக்கிறேன்.
சாம்பல் நிறம்தான் சீக்கிரம் விலைபோகும்.
பக்கத்தில் ஒரு செடி, தண்ணீர் கேட்காது.
மேசைமேல் கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள்.
திருநெல்வேலியில் எந்த வீட்டில்
பச்சை ஆப்பிள் கிடக்கிறதென்று
இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சோபா தரையில் உட்கார வேண்டுமென்றால்
ஒரு நேர்கோட்டைத் தொட்டுக் காட்ட வேண்டும்.
இல்லையென்றால் மிதக்கும்.
சுவர் விளிம்பைக் காட்டினேன். கொத்தனாரின் கோணல்.
ஜன்னல் சட்டம் ஊறி வளைந்திருந்தது.
தரைக்கல் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது.
மூன்று முறையும் சோபா மிதந்தது.

அப்புறம்தான் அந்தக் கோடு.
நெஞ்சு உயரத்தில்,
குடிக்க மறந்த டீ டம்ளரில் படியுமே, அந்த நிறத்தில்,
நாலு சுவரையும் சுற்றி ஒரே மட்டம்.
மார்கழி வெள்ளத்தில் தாமிரபரணி உள்ளே வந்து
இரண்டு ராத்திரி தங்கி
போட்டுவிட்டுப் போனது.
அந்த வீட்டில் நேராக இருந்தது அது ஒன்றுதான்.

தொட்டேன்.
சோபா இறங்கி உட்கார்ந்தது.
டீப்பாய், நிலைவிளக்கு,
யாரும் வரையாத ஓர் ஓவியம்
எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன,
ஆறு சொன்ன கணக்கில்.
பிறகு கோட்டை அழித்தேன்.
ஆறு நிமிடம் ஆனது.

வீட்டுக்காரர் பிரமநாயகம்,
மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்,
படம் பார்த்துவிட்டு போன் செய்தார்.
"நல்லாருக்கு. நாங்க இருந்தப்போ
ஒரு நாளும் இப்படி இல்ல."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.
"அந்த சோபா என்ன வெல வரும்மா?"
அது கடையில் கிடைக்காது சார்.
"ஆமா, ஆமால்லா" என்று வைத்துவிட்டார்.

மஸ்கட்டில் நர்ஸ், ஸ்டெல்லா ஜெபக்கனி,
நைட் டூட்டி முடிந்து பார்த்திருக்கிறார்.
சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஆப்பிளைப் பற்றியும் இல்லை.
படத்தைப் பெரிதாக்கி
சிவப்பில் வட்டம் போட்டு குரூப்பில் அனுப்பினார்:
"பிளக் பாயிண்ட் ஏன் இவ்ளோ ஒசரத்துல இருக்கு?"

தண்ணீர் வடிந்த வாரமே பிரமநாயகம்
ஒயர்மேனைக் கூப்பிட்டு
அத்தனையையும் ஐந்தடிக்கு ஏற்றியிருக்கிறார்.
ஹாலில் நாலு. பெட்ரூமில் மூன்று.
ஓவியத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று,
இன்னொரு சின்ன ஓவியம் மாதிரி.

"அத நீ அழிக்கலியா?" அண்ணாச்சி கத்தினார்.
"சரி, சின்னப் பிள்ளைய கை வச்சிரக் கூடாதுன்னு
நான் சொல்லிக்கிடுதேன்."
மறந்துட்டேன் அண்ணாச்சி என்றேன்.
அப்படித்தான் சொன்னேன்.

சாயங்காலம் எனக்குத் தனியாக ஒரு செய்தி:
"எங்க ஏரல் வீட்ல ஆறடி.
இங்க எத்தன?"

பழைய படத்தைத் திறந்தேன்.
துடைப்பம், கோடு, எல்லாம் அப்படியே இருந்தன.
கதவு ஏழடி என்று வைத்து அளந்தால்
நாலடி ஒரு இஞ்ச்.
அதையே அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.
பதில் இன்னும் வரவில்லை.
பக்கத்துத் திரையில் சோபா
இம்மி கோணாமல் உட்கார்ந்திருக்கிறது.