குழுப்படம், பத்தாம் வகுப்பு ‘ஆ’

பெஞ்சுகளை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டாயிற்று.
உயரமானவர்கள் பின்வரிசைக்கு என்றேன்.
மாதேஷ் உயரமில்லை, இருந்தும் போய் நின்றான்.
முன்வரிசை தரையில் சம்மணமிட வேண்டும்,
அவன் முழங்கால் அதற்கு மடங்காது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒரு செங்கல்லை மட்டும் யாரோ
அவன் காலடிக்குத் தள்ளிவிட்டார்கள்.

“சிரிங்க.”
நாற்பத்தொரு வாய்கள் இறுக மூடிக்கொண்டன.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் கடை.
பதினாறு வருடமாக இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு நான்தான்.
இங்கே சிரிப்பு கண்ணோடு நின்றுவிடும்.
வெளியூர்க்காரர்கள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு
பிள்ளைங்க ரொம்ப அடக்கம் என்பார்கள்.

அடக்கமாவது. கறை.
கல்யாணப் பெண்களுக்குக் கம்ப்யூட்டரில் நான் அழிக்கிற கறை.
பிரஷ் அளவு ஆறு, மேல்பல்லுக்கு நாலு சொடுக்கு.
புளியங்கொட்டை நிறத்தை அரிசி நிறமாக்க
எழுபது ரூபாய் கூட வாங்குகிறேன்.
முழங்காலுக்கு என்னிடம் பிரஷ் இல்லை.

பல் முகாமுக்குப் படம் எடுக்கப் போனபோது கேட்டேன்.
வெளியிலிருந்து ஒட்டிய கறை இல்லையாம் அது.
பால்பல் வெள்ளையாகவே விழுந்து கூரைமேல் போகும்.
அடுத்த பல் அதற்கு வெகுமுன்பே
ஈறுக்குள், இருட்டில், உருவாகிக்கொண்டிருக்கும்.
இரண்டு வயதில் குடித்த தண்ணீர்
எட்டு வயதில் வெளியே வரும்.

எனக்கு அது சட்டென்று புரிந்தது.
ஃபிலிமில் தொழில் பழகியவன்.
வெளிச்சம் பட்டது ஒரு கணம்தான்,
கழுவும்வரை தெரியாது,
தெரிந்தபின் என்ன செய்வது.

மாதேஷின் அம்மா கம்சலா பொறுப்பான பொம்பளை.
பிள்ளைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்,
பாதியாய்ச் சுண்டும்வரை கொதிக்க வைத்தாள்,
ஆற்றி, வெள்ளைத்துணியில் வடிகட்டிக் கொடுத்தாள்.
கிருமி செத்தது.
பாறையிலிருந்து கரைந்து வந்தது சாகவில்லை,
பாதித் தண்ணீரில் முழுசாய் நின்றது.
முகாமில் இதைச் சொன்னபோது
நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன்.
“அப்போ கொதிக்க வைக்காம குடுத்திருந்தா?”
என்று கேட்டாள்.
டாக்டர் பேனாவை மூடினார். திறந்தார்.

ஊர்ப் போர் அப்போது அறுநூறு அடி.
மழை வராத வருடங்கள் அதை ஆயிரத்துக்கு இறக்கின.
இறங்க இறங்கத் தண்ணீர் தெளிவாய்த்தான் இருந்தது,
கண்ணாடி மாதிரி என்று பெருமைப்பட்டார்கள்.
இப்போது ஒகேனக்கல் குழாய் வந்திருக்கிறது.
மோட்டார் ஓடாத நாளில் பழைய போர்.

அறிவியல் வகுப்புச் சுவரில் ஓர் உலகப்படம்.
ஜெயசுதா டீச்சர் அதில் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார்:
ஆப்பிரிக்காவில் ஓர் ஏரிக்கரை, சீனாவில் ஒரு மலைச்சரிவு,
ராஜஸ்தானில் ஒரு மணல்வெளி, நம் தர்மபுரி.
அங்கேயும் ஒருவன்
அவன் பாஷையில் சிரிங்க என்று சொல்லிவிட்டு
விரலைப் பட்டனில் வைத்துக் காத்திருப்பான்.

நானும் காத்திருந்தேன்.
அப்போதுதான் தலைமையாசிரியர் நாற்காலிக் கால்
எறும்புப் புற்றில் இறங்கியது.
அவர் சாய்ந்தார், மெதுவாக, ரொம்ப மரியாதையாக,
கடைசிவரை கேமராவையே பார்த்தபடி.

வகுப்பு வெடித்தது.
வெடித்த அதே நொடியில் நாற்பது கைகள் நாற்பது வாய்க்குப் போயின.
போன ஜூனில் திருப்பூரிலிருந்து வந்த நஸ்ரின்
பல்லில் ஒரு புள்ளி இல்லாதவள்,
அவள் கையும் போனது. பழகிவிட்டாள்.
மாதேஷ் கைதான் போகவில்லை.
செங்கல்மேல் நிற்க அவனுக்கு
இரண்டு பக்கமும் இரண்டு தோள் தேவைப்பட்டது.
பிடியை விடாமல் சிரித்தான்.
எல்லாப் பல்லும் தெரிய, கடைவாய்வரை.

பள்ளிக்கு வேறு படம் கொடுத்தேன்.
இது கடையில் இருந்தது.
கம்சலா வந்து, முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப்
பார்த்தாள். வெகுநேரம்.
நான் எலியை நகர்த்தினேன். பிரஷ், அளவு ஆறு.
“கழுவாம, அப்படியே,” என்றாள்,
“எத்தனை ரூபா?”