ஐப்பசி வேலை

மழை விட்ட ஞாயிறு. கோத்தகிரியில் வெயில்
பதினோரு மணிக்குத்தான் வேலி தாண்டியது.
குருவிகளின் தண்ணீர்ச் சட்டியில் வழுக்கல்,
தேங்காய் நாரால் தேய்த்தேன்.
விதை முற்றிய புல்லை அறுக்க வந்த லிங்கனிடம்
"சில்லைகள் தின்னட்டும், தை வரை விடு" என்றேன்.
"கூலி குறையாதே?"
குறையாது.

பட்டாணிக் குருவி காலி செய்த மரப்பெட்டியைக்
கழற்றிக் கவிழ்த்தால்
பாசி, பஞ்சு, பொரியாத ஒரு முட்டை,
அடியில் மெத்தையாகச் செம்பட்டை முடி.

பங்குனியில் வாசற்படியில் உட்கார்ந்து
பிஸ்கட்டுக்கு வாரிவிட்டது.
வைகாசியில் புதைத்தோம்.

பழைய கூட்டில் பேன் இருக்கும்,
எடுத்தெறிந்துவிட்டுக் கொதிநீர் ஊற்ற வேண்டும்.
ஊற்றினேன்.
பெட்டி காய்கிறது.

அவன் படுத்துப் படுத்துக் குழிந்த மண்ணில்
இந்த வருஷத்து முதல் வாலாட்டி
இறங்கி நிற்கிறது,
வாலை ஆட்டிக்கொண்டு.