கொருக்குப்பேட்டை, மூன்றாம் ஃபீடர்

பேனல் கதவைத் திறந்ததும்
கேமராவில் வெள்ளையாய் ஒரு புள்ளி.
"சூடாயிடுச்சா?" என்றார் பிலவேந்திரன்.
ஓரடி இடப்பக்கம் நகர்ந்தேன்.
புள்ளியும் கூடவே நகர்ந்தது.

நான்தான் அது.
போன மாதம் மாற்றிய செம்புப் பட்டையில்
என் நெற்றி, என் கன்னம்,
ஹெல்மெட்டுக்குள் வேகிற மே மாதம்.

கேமராவைக் கொஞ்சம் இறக்கினேன்.
முப்பத்தெட்டு என்கிறது
பளபளக்கும் செம்பு, கூசாமல்.
போன ஷட்டவுனில் அதே பட்டையில்
அவர் ஒட்டிவிட்டுப் போன
தீப்பெட்டி அகலக் கறுப்பு டேப்
தொண்ணூற்றொன்று என்கிறது.
நடுவில் விரற்கடை தூரம்கூட இல்லை.

எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது.

வெளியே கூட்ஸ் வண்டி
சுவரை உலுக்கிக்கொண்டு போகிறது.
லைனை நிறுத்தச் சொல்லிப் போன் போடுகிறார்.
இன்னும் ஐந்து நிமிடத்தில் நான்கு தெரு
பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியேறும்.
எங்களைத் திட்டும்.
திட்டட்டும்.

அறிக்கையில் எழுதினேன்:
ஆர் ஃபேஸ் இணைப்பு, உடனே.

முதல் படத்தை மட்டும் அழிக்கவில்லை.
கோப்புக்குப் பெயர் கேட்டது.
கிரேசி, இரவு பதினொன்று நாற்பது,
பழுதில்லை
என்று போட்டேன்.