முப்பத்திரண்டாம் வாரம், மூன்று மில்லிலீற்றர்

டிக்கோயாவிலிருந்து ஐஸ் பெட்டியில்
கண்டிக்கு இறங்கி வந்த குழாய்.
லேபலில் பேர் பாதிதான்: புஷ்ப
மீதியை மழை நனைத்திருந்தது.

பிரஷர் நூற்றிருபத்தெட்டு, எண்பத்திரண்டு.
சலத்தில் புரதம் இல்லை.
கால் வீக்கம், கொஞ்சம்.
மலை ஏறுகிறவர்களில் யாருக்குத்தான் இல்லை என்று
அட்டையில் எவரும் எழுதவில்லை,
ஆனாலும் அப்படித்தான் வாசித்திருப்பார்கள்.

சுழற்றினேன்.
சிவப்பு அடியில் படிய
மேலே நின்றது
சாயம் இறங்காத தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம்.

அதற்குள் இரண்டு புரதங்கள்.
ஒன்று கொடிக்கு இரத்தக்குழாய் வெட்டும்.
மற்றது அதன் கையைப் பிடித்துக் கட்டும்.
எது எத்தனை பங்கு என்று
இயந்திரம் பதினெட்டு நிமிடம் நிறுத்தது.

அவள் கொழுந்தையும் நிறுப்பார்கள்,
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
இந்தத் தராசு எதையும் கழிக்கவில்லை:
நூற்றுப் பதினான்கு.
முப்பத்தெட்டைத் தாண்டினாலே
நான் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன்.

நஞ்சுக்கொடி.
இந்தச் சொல்லைக் கட்டியவர்களிடம்
இயந்திரம் இருக்கவில்லை.

போனை எடுத்தது மிட்வைஃப் தவராணி.
"ஒன்பதாம் நம்பர் மலையில நிக்கிறா சேர்,
பன்னெண்டு மணியானாத்தான் அரைப்பேராவது விழும்."
"இப்பவே இறக்குங்க."
"தலைவலிகூட இல்லைங்கிறாளே."
"இல்லாதப்பவே இறக்கணும், மிஸ்."

நாலாம் நாள் வார்டிலிருந்து
இன்னொரு குழாய்.
பிரஷர் நூற்றறுபது, கட்டில் பதினேழு,
பிள்ளைத்துடிப்பு நல்லம்.
காய்ந்த லேபலில்
மீதியும் இருந்தது:
காந்தி.