தக்காளிப் பெட்டி

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
என் வண்டியை யாரும் நிறுத்துவதில்லை.
சனிக்கிழமை ஆறு மணிக்குக்
கோவைப் பக்கமிருந்து வரும் தலைக்கவசங்கள்
எங்கே போகுமென்று அவர்களுக்குத் தெரியும்.

கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து: கள்ளு.
கப்பையும் மீன்கறியும் வைக்கிற மேசையைத்
தள்ளிப்போட்டால் அதுதான் மேடை.

ஆறுச்சாமி லாரிக்கு டிங்கர் வேலை பார்ப்பவன்.
டிரம்ஸ் வாங்கக் காசில்லை,
சந்தையில் கழித்துப் போட்ட
தக்காளிப் பெட்டியில் உட்கார்ந்து
அதையே தட்டுகிறான்.
கிடார், ஜோஷி.
மூன்றாம் கம்பி போன வாரமே அறுந்தது.
"அது வேண்டாத பாட்டாப் பாத்துப் பாடலாம்"
என்கிறான்.

முதல் பாட்டுக்கு ஒருவரும் திரும்பவில்லை.
இரண்டாவதில்
ஊறுகாய் தொட்ட விரலொன்று
மேசையில் தாளம் போட்டது, தப்பாக.
நான்காவதில் கரண்ட் போனது.

ஸ்பீக்கர் செத்த பிறகுதான் கேட்டது:
சமையற்கட்டில்
மத்தி செதில் சுரண்டியபடி
லில்லிக்குட்டி பாடிக்கொண்டிருந்தாள்,
ஜோஷிக்கு எட்டாத உயரத்தில்.
அவன் கிடாரை நிறுத்திவிட்டான்.
பெட்டி மட்டும் அவள் பின்னால் போனது,
மெதுவாக,
இருட்டில் படி தேடும் கால் மாதிரி.
ஒருவன் மட்டும் செல்போனை எடுத்தான்,
அதுவும் தன் குப்பியைத் தேட.

கரண்ட் வந்தது.
பாதி வரியில் நிறுத்தி
"ஆருக்கா மத்தி?" என்றாள்.

ஞாயிறும் வந்தேன்.
பாலக்காட்டிலிருந்து வேறு கோஷ்டி,
நல்ல கோஷ்டி,
எல்லாக் கம்பியும் இருந்தது.
சமையற்கட்டை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து
இரவு மூடும்வரை
ட்யூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.